பூத்துவிட்ட சாமந்தியில் குச்சி எடுத்து நாற்றாக்குவது எப்படி

எங்கள் நிலம் வேப்பனப்பள்ளியைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. வரப்பில் நின்று சத்தமாகக் கூப்பிட்டால் அந்தப் பக்கத்துக் காட்டில் களையெடுப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் தெலுங்கு, நாங்கள் தமிழ். ஆனால் பூவுக்கு இரண்டு பக்கமும் ஒரே பேர்தான், சாமந்தி. மேற்கே கொஞ்சம் போனால் கன்னடக்காரர்கள் சேவந்திகே என்பார்கள். செண்டுமல்லியையும் சாமந்தி என்று சொல்கிற ஊர்கள் உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது மாலைக்குக் கட்டுகிற, மருந்து வாசனை அடிக்கிற, வெட்டுப்பட்ட இலைகள் கொண்ட சாமந்தியைப் பற்றி.

நாலைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு கார்த்திகை. வெள்ளைச் சாமந்திக் காட்டில் பூப்பறித்துக்கொண்டிருந்தபோது ஒரு செடியில் ஒரே ஒரு கிளை மட்டும் வெண்ணெய் நிறத்தில் பூத்திருந்தது. பக்கத்துக் கிளை சுத்த வெள்ளை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. இப்படி ஒரு கிளை தானாக நிறம் மாறுவதைப் பிடித்துப் பெருக்கித்தான் உலகத்தில் எத்தனையோ சாமந்தி ரகங்கள் வந்திருக்கின்றன. உடனே கத்தியை எடுத்து அந்தக் கிளையைத் துண்டு துண்டாக்கி 20 குச்சி நட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கத்து மாமா பார்த்துவிட்டு, “பூத்த கொம்ப நட்டா செடி வராது சாமி, பூதான் வரும்” என்றார்.

அதுதான் நடந்தது. 11 குச்சி அழுகியது. மீதி வேர் பிடித்து, நாலு விரல் உயரம் வந்ததும் ஆளுக்கொரு மொட்டை வைத்துக்கொண்டு நின்றுவிட்டன. பரவாயில்லை, தாய்ச்செடியின் தூரில் கன்று வருமே என்று காத்திருந்தேன். வந்தது. அடுத்த வருஷம் அத்தனையும் வெள்ளை பூத்தது.

இந்த வழிகாட்டி அந்த இரண்டு தவறுகளிலிருந்து வந்தது. எந்தச் செடி நல்ல செடி என்று பூத்தால்தான் தெரியும். பூத்த பிறகோ குச்சி எடுக்க அது மோசமான நேரம். இந்த இடைஞ்சலை எப்படித் தாண்டுவது என்பதுதான் விஷயம்.

முதலில் ஒரு கேள்வி: குச்சி எடுத்தே ஆக வேண்டுமா?

நீங்கள் விரும்புவது முழுச் செடியையும் என்றால், அதாவது செடி முழுக்க ஒரே நிறம், நல்ல அடுக்கு, நோய் இல்லை, இதையே அடுத்த பட்டத்துக்கு வேண்டும் என்றால், பூத்த கிளையில் கத்தி வைக்காதீர்கள். பூ முடிந்ததும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, மண்ணைக் கிளறி, தொழு உரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். தூரைச் சுற்றிப் பக்கக்கன்றுகள் கிளம்பும். அதில் வேர் ஏற்கெனவே இருக்கும், பூக்கிற மும்முரம் குறைவாக இருக்கும். ஊரில் எல்லோரும் காலங்காலமாகச் செய்வது இதுதான், இதைவிட லேசான வழி கிடையாது.

பூத்த கிளையிலேயே எடுத்தாக வேண்டிய நிலை மூன்று. ஒன்று, என் கதை மாதிரி ஒரு கிளை மட்டும் மாறியிருப்பது. இரண்டு, செடி உங்களுடையது அல்ல, அடுத்த வாரம் காட்டை ஓட்டிவிடப்போகிறார்கள், கேட்டு வாங்கிய நாலு கிளைதான் கையில் இருக்கிறது. மூன்று, தூரில் வாடலோ வேரழுகலோ வந்து கீழிருந்து கன்று வராது என்று தெரிந்துவிட்டது.

முதல் நிலையில் தூர்க்கன்று ஏன் உதவாது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். செடியின் நுனிமொட்டில் செல்கள் மூன்று அடுக்காக இருக்கின்றன. ஏதோ ஒரு கிளையின் நுனியில், ஏதோ ஓர் அடுக்கில், ஒரு செல்லில் மாற்றம் வந்து, அது பெருகி அந்தக் கிளை மட்டும் புது நிறம் ஆகிறது. தூருக்கு அது தெரியாது. அங்கிருந்து வருகிற கன்று பழைய செடியேதான். வெள்ளை மஞ்சளாவது அடிக்கடி நடக்கிற மாற்றம். வெள்ளைச் சாமந்தியின் இதழும் மஞ்சள் நிறமியைத் தயாரிக்கத்தான் செய்கிறது. அதை உடைத்துப்போடுகிற நொதி ஒன்று இருப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது என்று 2006ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அந்த நொதிக்கான மரபணு ஒரு கிளையில் பழுதானால் மஞ்சள் வெளியே வந்துவிடும்.

ஆகவே மாறிய கிளை கண்ணில் பட்டால் முதல் வேலை கத்தி எடுப்பது அல்ல. ஒரு சிவப்பு நூலை எடுத்து, அந்தக் கிளை தண்டிலிருந்து பிரிகிற இடத்தில் கட்டுங்கள். பூ உதிர்ந்த பிறகு எந்தக் கிளை என்று கடவுளுக்கும் தெரியாது. ஒரு பூவிலேயே பாதி மஞ்சள் பாதி வெள்ளை என்று இருந்தால், மஞ்சள் பாதிக்கு நேர் கீழே வருகிற இலைக்கக்கங்களை, அதாவது இலையும் தண்டும் சேர்கிற இடுக்குகளை, தனியாகக் குறித்துவையுங்கள். மாற்றம் தண்டின் அந்தப் பக்கத்தில் மட்டும் இறங்கியிருக்கலாம்.

பூவை நிறுத்துவது: இரவை உடைத்தல்

தெருவிளக்குக்கு அடியில் இருக்கிற சாமந்தி மட்டும் பச்சைப்பசேல் என்று வளர்ந்துகொண்டே இருக்கும், பூக்காது. பார்த்திருப்பீர்கள். காரணம் மண்ணும் அல்ல, யார் கண்ணும் அல்ல. சாமந்தி இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற செடி. இரவு நீண்டால் மொட்டு, இரவு குறுகினால் இலை. நம் எல்லைப் பகுதியில் ஜூன் கடைசியில்கூடப் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம்தான். டிசம்பரில் 11 மணி 20 நிமிடம். கார்த்திகையில் எடுத்த குச்சிக்கு எதிரே இருப்பதெல்லாம் நீண்ட இரவுகள். வேர் பிடித்த உடனே அது பூக்கத்தான் பார்க்கும். என் முதல் நாற்றுகள் நாலு விரலில் மொட்டு வைத்தது இதனால்தான். மாமா சொன்னதும் இதைத்தான், காரணம் சொல்லவில்லை, அவ்வளவே.

அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் புகையிலையையும் சோயாவையும் வைத்துப் பகல் நீளத்துக்கும் பூப்புக்கும் உள்ள உறவை எழுதியது 1920ல். நம் வரப்பிலும் முளைத்துத் துணியில் ஒட்டிக்கொள்கிற மருளூமத்தையை வைத்து ஹாம்னரும் பானரும் 1938ல் இன்னொன்றைக் காட்டினார்கள். நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினால் போதும், செடி அதை நீண்ட இரவாகக் கணக்கில் எடுக்காது. நமக்கு வேண்டியது இதுதான். மாலை 6 மணியிலிருந்து விடிய விடிய விளக்கு எரிக்க வேண்டியதில்லை. இரவு 10 மணி முதல் 2 மணி வரை எரிந்தால் இரவு இரண்டு துண்டாகிவிடும். பசுமைக்குடிலில் கொத்துச் சாமந்தி வளர்ப்பவர்கள் செய்வதும் இதையே.

எவ்வளவு வெளிச்சம்? வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் கணக்கில் சுமார் 100 போதும். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைச் செடிக்கு மேலே 4 அடி உயரத்தில் தொங்கவிட்டால் 4 அடிக்கு 4 அடி பாத்திக்குச் சரியாக இருக்கும். வெள்ளைவெளேர் பல்பைவிட மஞ்சள் சாயல் உள்ள வார்ம் ஒயிட் வாங்குங்கள். செடி இதற்குக் கவனிப்பது சிவப்பு ஒளியை, அது மஞ்சள் சாயல் பல்பில் கூடுதல். செலவைக் கணக்குப் பாருங்கள்: 9 வாட், 4 மணி நேரம், 30 நாள். ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான்.

கையால் போட்டு அணைக்கலாம் என்று நினைக்காதீர்கள். மூன்றாம் நாள் தூங்கிவிடுவீர்கள். தண்ணீர் மோட்டாருக்கு விற்கிற டைமர் ஒன்றை மாட்டிவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் நேரம் தவறாமல் இருக்க, பேட்டரி உள்ள டைமராக இருக்கட்டும். ஓர் இரவு விட்டுப்போனால் பயமில்லை. தொடர்ந்து ஒரு வாரம் விட்டால் மொட்டு மறுபடி கிளம்பும்.

ஒரு சங்கடம் உண்டு. உங்கள் விளக்கு உங்கள் பாத்தியோடு நிற்காது. இரண்டாம் தடவை நான் விளக்குப் போட்டபோது பக்கத்துப் பாத்தியில், பொங்கலுக்குப் பறிக்க விட்டிருந்த சாமந்தியில், ஓர் ஓரம் முழுக்கப் பூ தாமதமாகிவிட்டது. என் சொந்தப் பாத்தி என்பதால் சண்டை வரவில்லை. பல்புக்கு மேலே ஒரு தகரத் தட்டைக் கவிழ்த்து, பக்கவாட்டில் சாக்கு கட்டிவிடுங்கள்.

வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதிலும் விஷயம் இருக்கிறது. சோவியத் விஞ்ஞானி மிகைல் சைலாக்கியான் 1930களில் சாமந்தியை வைத்தே இதைச் சோதித்தார். மேல் பாகத்து இலைகளை உருவிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவைக் காட்டினார். உச்சி பூத்தது. இரவை அளப்பது இலை, செய்தி மட்டும் உச்சிக்குப் போகிறது என்று அதற்கு அர்த்தம். அந்தச் செய்திக்கு அவர் புளோரிஜென் என்று பேர் வைத்தார். நமக்கு அதிலிருந்து கிடைப்பது, மொட்டுக்கு நேராக டார்ச் அடித்துப் பயனில்லை, செடியின் எல்லா இலைகளும் வெளிச்சம் பார்க்க வேண்டும். அடர்ந்த செடியில் உள்ளே மறைந்த இலைகளையும் பழுத்த இலைகளையும் கழித்துவிடுங்கள்.

கிளையைப் படிப்பது

இது பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம். கிளையைக் கையில் பிடித்து உச்சியிலிருந்து கீழ் நோக்கிப் பாருங்கள். பூவுக்கு உடனடிக் கீழே இருக்கிற இலைகள் சின்னதாக, ஒடுக்கமாக, ஓரத்தில் வெட்டு இல்லாமல் நாக்கு மாதிரி இருக்கும். அந்தப் பகுதி முழுவதும் பூவுக்கு விற்றுப்போன இடம். அங்கே ஒவ்வொரு கக்கத்திலும் கடுகளவு உருண்டையாக ஒன்று உட்கார்ந்திருக்கும், அது பூமொட்டு. அதை நட்டால் பூதான் வரும்.

இன்னும் கீழே வாருங்கள். ஓர் இடத்தில் இலையில் முதல் வெட்டு தெரியும், அடுத்த இலையில் இரண்டு, பிறகு வழக்கமான சாமந்தி இலை. அங்கே கக்கத்தில் இருக்கிற மொட்டு உருண்டையாக இருக்காது, தட்டையாக, கூராக, தண்டோடு ஒட்டி இருக்கும். அது இலைமொட்டு. நமக்கு வேண்டியது அது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். எனக்கு நாற்பதைத் தாண்டியதிலிருந்து அதுதான் கண்ணாடி.

பிறகு தண்டை வளைத்துப் பாருங்கள். டக்கென்று முறிந்தால் இளசு. வளைந்து, நார் உரிந்து தொங்கினால் முற்றல். முற்றலை நறுக்கிப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக, பஞ்சு மாதிரி, சில சமயம் காலியாகவே இருக்கும். அதில் வேர் வருவதற்குள் அழுகல் வந்துவிடும். இங்கேதான் பூத்த கிளையின் முழுச் சங்கடமும் இருக்கிறது. இளசான இடம் மேலே, அங்கே மொட்டெல்லாம் பூமொட்டு. இலைமொட்டு கீழே, அங்கே தண்டு முற்றல்.

மிளகு அளவு மொட்டாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் இரண்டும் சந்திக்கிற இடம் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் நிறம் தெரிந்த பிறகுதானே நமக்கு ஆசையே வருகிறது.

நல்ல வழி: தலையை வெட்டிக் காத்திருப்பது

செடி உங்கள் கையில் இருக்கிறது, இரண்டு மாதம் நேரம் இருக்கிறது என்றால் குச்சியை இப்போது எடுக்கவே வேண்டாம். நூல் கட்டிய கிளையில் பூவையும் நாக்கிலைப் பகுதியையும் மட்டும் வெட்டி எறியுங்கள். முதல் வெட்டிலைக்கு மேலே கால் அங்குலம் விட்டு வெட்டலாம். வெட்டிலை ஏழெட்டாவது மீதி இருக்கட்டும். மற்ற கிளைகளின் பூ, மொட்டு எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள், இலைகளை விட்டுவைத்து. அன்று இரவே விளக்கு.

19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து வாரம் ஒரு தடவை வேரில் ஊற்றுங்கள். பூவுக்கென்று கொடுக்கிற பொட்டாஷ் உரத்தை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் காயவும் கூடாது, தேங்கவும் கூடாது.

இரண்டு மூன்று வாரத்தில் கக்கங்களிலிருந்து துளிர் கிளம்பும். முதலில் வருகிற இலைகள் கோணல்மாணலாக இருக்கும். ஒன்று நாக்கு மாதிரி, ஒன்று பாதி வெட்டு, ஒன்று முறுக்கிக்கொண்டு. வைரஸ் என்று பயந்து பிடுங்கிவிடாதீர்கள். பூக்கும் புத்தியிலிருந்து வளரும் புத்திக்குத் திரும்புகிற செடி இப்படித்தான் தடுமாறும். நாலைந்து இலைக்குப் பிறகு ஒழுங்கான இலை வரும். துளிரின் நுனியில் மறுபடி குண்டு மொட்டு தெரிந்தால் நகத்தால் கிள்ளிவிடுங்கள், அதற்குக் கீழேயிருந்து இன்னொன்று வரும். வெளிச்சம் சரியாகக் கிடைக்கிற செடியில் மூன்றிலிருந்து ஐந்து வாரத்துக்குள் ஒழுங்கான துளிர் கிடைத்துவிடும்.

துளிர் 4 அங்குலம் வந்ததும் அதன் உச்சியில் 2 முதல் 3 அங்குலத்தை எடுங்கள். இது புத்தம் புதுத் தண்டு, விரலால் வளைத்தாலே முறியும். இதில் வேர் பிடிப்பது சாதாரண நாற்று மாதிரிதான், 10 முதல் 15 நாள். என் இரண்டாம் முயற்சியில் ஒரு கிளையிலிருந்து 9 துளிர் கிடைத்தது, 7 வேர் பிடித்தது. முதல் தடவை அதே அளவு கிளையை 20 துண்டாக்கி ஒன்றும் மிஞ்சவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிலர் கிளையைத் தரையோடு வளைத்துப் பதியம் போடுவார்கள். காப்பீடு மாதிரி ஒரு கிளையைப் போடலாம். சாமந்தித் தண்டு வளைக்கும்போதே அடியில் கிழிந்துவிடும், அதனால் கிடைத்த ஒரே கிளையில் இந்த விளையாட்டு வேண்டாம்.

அவசர வழி: வெட்டிய கிளை மட்டும் கையில் இருக்கும்போது

காலையில், வெயில் ஏறுவதற்கு முன் எடுங்கள். முந்தின நாள் செடிக்குத் தண்ணீர் விட்டிருந்தால் நல்லது. எடுத்த கிளையை ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு நிழலில் கொண்டுவாருங்கள். பைக் முன்னால் மாட்டிக்கொண்டு ஆந்திரத்துக் குப்பம் ஊரிலிருந்து வெயிலில் வந்தால் வீடு சேரும்போது அது கீரை.

வந்த உடனே பூ, மொட்டு, கடுகு மொட்டு என்று உருண்டையாக இருக்கிற எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒன்றைக்கூட விடாதீர்கள். கிளையில் இருக்கிற சர்க்கரையையெல்லாம் பூமொட்டு இழுத்துக்கொள்ளும், வேருக்கு மிஞ்சாது. முதல் மூன்று வெட்டிலைகள் இருக்கிற பகுதியை வைத்துக்கொண்டு மேலே உள்ளதைத் தள்ளுங்கள். துண்டு 3 அங்குலம், கணுவுக்குக் கீழே நேர் வெட்டு, அடி இலையைக் கிள்ளுங்கள், மேலே இரண்டு மூன்று இலை. இலை பெரிதாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு நறுக்கலாம். பாதிக்கு மேல் நறுக்காதீர்கள். வேர் வர உணவு தயாரிப்பதும் இரவு விளக்கைப் பார்ப்பதும் அந்த இலைகள்தான்.

கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. சாமந்திச் செடியைக் குட்டையாக்குகிற வைராய்டு ஒன்று உண்டு, வைரஸைவிடச் சின்ன நோய்க்கிருமி, கத்தியில் ஒட்டிய சாறு வழியாகவே செடிக்குச் செடி போகும். ஸ்பிரிட்டில் துடைத்தால் அது சாகாது. துணி வெளுக்கிற பிளீச் திரவத்தை ஒன்றுக்கு ஒன்பது தண்ணீரில் கலந்து, ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் இடையில் கத்தியை முக்கி எடுங்கள். இளந்தளிர் என்றால் கத்தியே வேண்டாம், கையால் முறியுங்கள்.

வேர்ப் பொடிக்கு வருவோம். ஐ.பி.ஏ. என்ற, வேர் வரவைக்கிற ஹார்மோன் உள்ள பொடியை மருந்துக் கடையில் கேளுங்கள், நான் சொல்வது பூச்சிமருந்துக் கடை. மென்தண்டுக்கு என்று விற்கிற 1000 பி.பி.எம். துளிர்க் குச்சிக்குப் போதும். பூத்த கிளைத் துண்டுக்கு 2000 வரை போகலாம். ஒரு சிட்டிகையைத் தனித் தாளில் கொட்டி அதில் தொட்டெடுங்கள், டப்பாவுக்குள் ஈரக் குச்சியை விடாதீர்கள். அதிகப் பொடியைத் தட்டிவிடுங்கள், அப்பிக்கொண்டிருந்தால் அடி கருகும்.

தேன் தடவலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தேனில் வேர் வரவைக்கிற பொருள் எதுவும் இல்லை, எறும்பு வரும். கற்றாழைச் சாறு கெடுதல் செய்யாது, ஐ.பி.ஏ.வுக்கு ஈடும் ஆகாது. முருங்கை இலைச் சாற்றை மட்டும் இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம். அதில் துளிர் விடவைக்கிற சைட்டோகைனின் நிறைய இருக்கிறது, அது வேர் பிடிப்பதைத் தடுக்கும். வேர் பிடித்து வெளியே வந்த பிறகு தாராளமாகத் தெளியுங்கள்.

நடுவதும் மூடுவதும்

தென்னை நார்க்கழிவை மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றுமணலோ பெர்லைட்டோ கலந்துகொள்ளுங்கள். அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். எம்-சாண்ட் வேண்டாம், அதன் தூசி காற்றோட்டத்தை அடைத்துவிடும். செம்மண்ணும் வேண்டாம், எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும். கலவையைக் கையில் பிழிந்தால் ஒரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைக் கலந்து ஒரு நாள் வைத்தால் அழுகல் குறையும்.

50 குழி டிரேயில், முதலில் ஈர்க்குச்சியால் துளை போட்டு, பிறகு ஓர் அங்குல ஆழத்தில் குச்சியை வைத்து விரலால் சுற்றி அமுக்குங்கள். நேரே குத்தினால் பொடி மேலேயே வழித்துக்கொள்ளும்.

பத்துக் குச்சிக்குப் பசுமைக்குடில் தேவையில்லை. 20 லிட்டர் தண்ணீர் கேனில் பழையது ஒன்றை அடிப்பாகம் அறுத்துக் கவிழ்த்தால் போதும், மூடியைத் திறந்து மூடிக் காற்றைக் கட்டுப்படுத்தலாம். 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். முதல் ஐந்து நாள் மூடி, தினம் இரண்டு மூன்று தடவை கைத்தெளிப்பான். கேனின் உள்சுவரில் பனி மாதிரி ஈரம் படிந்திருந்தால் தெளிக்க வேண்டியதில்லை. ஆறாம் நாளிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் திறந்துவையுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இலையில் வெள்ளை படியும், தெளிக்க மட்டும் கேன் தண்ணீர் பயன்படுத்தலாம்.

கார்த்திகை, மார்கழியில் நம் மேட்டுப் பகுதி இரவுக் குளிர் வேர் வருவதைத் தள்ளிப்போடும். டிரேயைச் சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள். மீன் வருகிற தெர்மாகோல் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் டிரேயை வைத்தால் அடிச்சூடு தங்கும். பூத்த கிளைத் துண்டுக்கு வேர் வர மூன்று வாரம்கூட ஆகலாம், தினமும் பிடுங்கிப் பார்க்கிற கையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். லேசாக இழுத்தால் பிடித்துக்கொண்டால் வேர் வந்துவிட்டது.

அழுகல் அடியிலிருந்து கறுப்பாக ஏறினால் தண்ணீர் அதிகம். அந்தக் குச்சியைக் கலவையோடு எடுத்து எறிந்துவிட்டு, மற்றவற்றுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து ஊற்றுங்கள். டிரைக்கோடெர்மா போட்ட இடத்தில் இதை ஊற்றினால் அதுவும் அடிபடலாம் என்பது நினைவிருக்கட்டும். இலைமேல் சாம்பல் பூஞ்சை வந்தால் மூடி அதிக நேரம் மூடியிருக்கிறது. அசுவினி பூவோடு வந்திருக்கும், நடுவதற்கு முன்பே வேப்பெண்ணெய்க் கரைசலில் ஒரு முக்கு முக்கிவிடுவது என் பழக்கம்.

இதெல்லாம் நடக்கும்போது இரவு விளக்கு முதல் நாளிலிருந்து எரிந்துகொண்டிருக்க வேண்டும். வேர் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் உச்சி மொட்டாகிவிடும்.

தை முதல் வைகாசி வரை

வேர் பிடித்த நாற்றை 6 அங்குலப் பையில் மாற்றுங்கள். அவசர வழியில் வந்தவை இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கும், கக்கத்துத் துளிர் ஒழுங்கான இலை விடும்வரை உச்சியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். ஐந்தாறு ஒழுங்கான இலை வந்ததும் மறுபடி நுனி கிள்ளினால் மூன்று நாலு கிளை கிளம்பும். இவைதான் உங்கள் தாய்ச்செடிகள்.

நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். செடி நன்றாக வந்துவிட்டதே என்று மாசியில் விளக்கை எடுத்துவிடுவார்கள். பங்குனியிலும் பகல் 12 மணியைத்தான் தொடுகிறது, சாமந்திக்கு அது பூக்கிற இரவுதான். சித்திரையில் தாய்ச்செடியிலிருந்து இரண்டாம் தலைமுறைக் குச்சி எடுத்து முடிக்கும்வரை விளக்கு இருக்கட்டும். இந்த இரண்டாம் குச்சிகளில் பூத்த வாசனையே இருக்காது, பத்து நாளில் வேர் பிடித்து ஒரே சீராக வளரும். வைகாசியில் ஓர் அடிக்கு ஓர் அடி என்று நட்டு, நட்ட நாலாம் வாரம் நுனி கிள்ளுங்கள். அதன் பிறகு வழக்கமான வெள்ளாமைதான்.

ஒவ்வொரு தாய்ச்செடியின் பிள்ளைகளையும் தனி வரிசையில் நடுங்கள், அடையாளக் குச்சி நட்டு எண் போடுங்கள். கலந்து நட்டுவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. இது ஏன் என்றால், அடுக்கில் நடந்த மாற்றம் சில குச்சிகளில் நழுவிவிடும்.

எனக்கு 7 தாய்ச்செடி, 7 வரிசை. ஐப்பசியில் பூத்தபோது 6 வரிசை வெண்ணெய் நிறம். நான்காவது வரிசை முழுக்க வெள்ளை. மாமா வந்து பார்த்தார். வெண்ணெய் நிறத்தில் ஒரு பூவைக் கிள்ளிக் காதில் வைத்துக்கொண்டு, நான்காம் வரிசையைக் காட்டி, “இத மண்டிக்கு அனுப்பிடு, அதுல மட்டும் குச்சி எடுத்துறாத” என்றார். அன்றைக்கே அந்த வரிசையின் எண் குச்சியைப் பிடுங்கிப்போட்டேன்.